வாழ்த்தும் தோழிகள்

ஜூலை 6, சனி

பேனர் ஏறிவிட்டது. பள்ளிக்கூட ரோட்டு முக்கில், பஸ் ஸ்டாண்டிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லோர் கண்ணிலும் படுகிற இடம். வத்தலக்குண்டில் ஃபிளெக்ஸ் கடை வைத்து, ஊரார் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எத்தனையோ அடித்துக் கொடுத்திருக்கிறேன். என் வீட்டு விசேஷத்துக்கு என் கையால் அடித்தது இதுதான் முதல் தடவை. நாளைக்கு என் மகள் சங்கமித்ராவுக்குச் சடங்கு.

வயசுக்கு வந்த நாளிலிருந்து பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. எட்டாம் வகுப்பு. எங்கள் பக்கம் சடங்கு முடிகிறவரை வெளியே அனுப்ப மாட்டார்கள். தனி அறை, தனித் தட்டு, உளுந்தங்களி, நல்லெண்ணெய். பாவம், அறைக்குள் இருந்தபடியே பழைய புத்தகத்தை எல்லாம் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள்.

பேனரைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். நடுவில் மித்ரா, தலையில் கிரீடம், பின்னால் தோகை விரித்த மயில். அது எல்லோரும் போடுவதுதான். நான் வேறு ஒன்று செய்திருக்கிறேன். மாப்பிள்ளை பேனர் என்றால் கீழே நண்பர்கள் படம் வரிசையாக இருக்கும், கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்பார்கள். பெண்பிள்ளை பேனரில் மட்டும் ஏன் தோழிகள் இல்லை? யாராவது யோசித்தார்களா? மித்ராவோடு சுற்றும் நான்கு பிள்ளைகளின் படத்தையும் போன வருஷத்து ஆண்டு விழா போட்டோவிலிருந்து வெட்டி எடுத்து, ‘வாழ்த்தும் தோழிகள்’ என்று கீழே வரிசையாக வைத்துவிட்டேன். அவர்களில் பவதாரணி படம் மட்டும் கொஞ்சம் மங்கல். ராத்திரி சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்து சரிபண்ணினேன்.

என் மனைவி தமயந்தி சாயங்காலம்தான் பார்த்தாள். மெடிக்கல் கடை வேலை முடிந்து அந்த வழியாக வந்தவள் கேட்டாள்: “ஏங்க, அந்தப் பிள்ளைக வீட்ல ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டா வேணாம்னா சொல்லப் போறாங்க? நம்ம செலவுல அவங்க வீட்டுப் பிள்ளை ரோட்டுல ஜம்முனு நிக்குது.”

அவள் பையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மித்ராவுக்கு இது எதுவும் தெரியாது. நாளைக்கு மண்டபத்துக்குப் போகும்போது காட்டிச் சந்தோஷப்படுத்த வேண்டும்.

ஜூலை 7, ஞாயிறு

சடங்கு நல்லபடியாக முடிந்தது. மாமன்மார் சீர்வரிசை மண்டப வாசல்வரை நின்றது. கால் வலி உயிர் போகிறது.

கார் முக்கில் திரும்பியபோது, “பாப்பா, அங்க பாரு!” என்றேன். பார்த்தாள். உடனே குனிந்துகொண்டாள். மண்டபம் வருகிறவரை தலையே நிமிரவில்லை. வெட்கம். பட்டுப்புடவையில் எத்தனை அழகாக இருந்தாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

தோழிகளை எல்லாம் கூப்பிட்டிருந்தோம். ஒருத்திதான் வந்தாள். அவளும் சாப்பிடாமல் போய்விட்டாள். மற்றவர்களுக்கு டியூஷன் இருந்திருக்கும்.

ஜூலை 9, செவ்வாய்

மித்ரா இன்றைக்குத்தான் பள்ளிக்கூடம் போனாள். நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன். முக்கைத் தாண்டும்போது என் முதுகில் முகத்தைப் பதித்துக்கொண்டாள். தூசி பறக்கிற ரோடு.

சாயங்காலம் வந்ததும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். டிபன் பாக்ஸ் கொடுத்தனுப்பியபடியே திரும்பி வந்திருக்கிறது. கேட்டதற்குத் தலைவலி என்றாள்.

ஜூலை 10, புதன்

மித்ராவுக்கு வயிற்றுவலி. லீவு.

ஜூலை 11, வியாழன்

இன்றைக்கும் வயிற்றுவலி. தமயந்தி மாத்திரை கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரம் தாண்டியதும் வலி சரியாகிவிட்டது. நல்ல மாத்திரைதான். மத்தியானம் பிள்ளை புரோட்டா கேட்டாள், வாங்கி வந்தேன். சால்னாவைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தாள். பார்க்கவே வயிறு நிறைந்தது.

ஜூலை 15, திங்கள்

சனியும் ஞாயிறும் வீடு கலகலவென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விளக்கு வைத்ததும் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. காலையில் மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள்.

போன வாரம் மூன்று நாளும் வயிற்றுவலி என்றே எழுதிக் கொடுத்தாயிற்று. திரும்பவும் அதையே எழுதினால் நம்புவார்களா? பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் ஒரு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டேன். ‘எனது பெரியப்பா இறந்துவிட்ட காரணத்தால் வெளியூர் செல்ல வேண்டியிருப்பதால்’ என்று ஆரம்பித்து, துக்க வீட்டு வழக்கங்கள் முடிய நாளாகும் என்றும் சேர்த்தேன். கண்ணீர் அஞ்சலி அடித்துப் பழகிய கை, வார்த்தைகள் தானாக வந்தன.

வீட்டில் தனியாக எதற்கு என்று பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போனேன். ஆடி பிறக்கப்போகிறது, அம்மன் கோயில் திருவிழா ஆர்டர் குவிகிறது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, “அப்பா, மஞ்சள் மேல மஞ்சள் எழுத்து வச்சா யாருப்பா படிப்பா?” என்று என்னையே மடக்கினாள். எழுத்தைச் சிவப்பாக்கி, வேப்பிலையைக் கொஞ்சம் ஓரத்துக்குத் தள்ளினாள். அப்படியே கோயிலில் போய் நின்ற மாதிரி இருந்தது. பிள்ளை வந்து உட்கார்ந்ததில் கடைக்கே ஒரு களை வந்துவிட்டது.

ராத்திரி தமயந்தி பிடித்துக்கொண்டாள்.

“வயித்து வலிக்காரிக்குக் கடையில என்ன வேல?”

“சும்மா படுத்தே கெடந்தா வலி கூடத்தான் செய்யும்.”

“புரோட்டா, கம்ப்யூட்டர், ஜூஸு. இப்படிக் கவனிச்சா எனக்கும்தான் வயித்து வலி வரும்!”

பெற்ற தாய்க்கு இவ்வளவு கல்மனசு ஆகாது. நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஜூலை 18, வியாழன்

மானம் கப்பலேறிவிட்டது.

மத்தியானம் நிலக்கோட்டையிலிருந்து தங்கவேல் பெரியப்பா வந்தார். அவர் ஊர் அம்மன் திருவிழாவுக்குப் பேனர் அடிக்க வேண்டுமாம். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றவர், மித்ராவின் வகுப்பு டீச்சர் மரியபுஷ்பம்.

“வணக்கம் சார். பெரியப்பா தவறிட்டாருன்னு லெட்டர் பாத்தேன். ரொம்ப வருத்தமா இருந்துச்சு.”

எனக்கு டீ புரையேறியது. பெரியப்பா கிளாஸைக் கீழே வைத்தார்.

“எந்தப் பெரியப்பாடா தவமணி? எனக்குத் தெரியாம யாரு போனது?”

நான் இருமிக்கொண்டே இருந்தேன். நின்றால் பதில் சொல்ல வேண்டுமே.

“ஒங்கப்பனுக்கு அண்ணன்னு நான் ஒருத்தன்தானடா இருக்கேன்!”

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். “பெரியவருக்கு ஆயுசு கெட்டி” என்றார். பெரியப்பாவுக்கு விஷயம் புரிந்ததும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பேனரு நான் வேற கடையில அடிச்சுக்கிறேன். ஒன் கையால வேணாம்ப்பா, ராசியில்ல” என்று கிளம்பிவிட்டார். மித்ரா பிரிண்டிங் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அவளுடைய கொலுசு மட்டும் தெரிந்தது.

டீச்சர் கோபப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

“சார், பொய் லெட்டர் எழுதுனா எனக்கு உதவ வழியில்லாமப் போயிருது. செத்துப்போன பெரியப்பாவுக்கு நான் என்ன செய்ய முடியும்? ‘பிள்ளை வரமாட்டேங்குது, காரணம் தெரியல’ன்னு உள்ளத உள்ளபடி எழுதுங்க. அப்பத்தான் ரெண்டு பக்கமும் சேந்து ஏதாவது பாக்கலாம்.”

“வயித்து வலி நெசந்தான் டீச்சர்.”

“நெசந்தான். பயத்துல வர்ற வலியும் வலிதான். அதனால திட்டாதீங்க. ஆனா பள்ளிக்கூட நேரத்துல கடை வேணாம், போன் வேணாம், விசேஷச் சாப்பாடு வேணாம். எப்பவும் போல எந்திரிச்சு, குளிச்சு, யூனிஃபார்ம் போடட்டும். நாள் முழுக்க இருக்க முடியலன்னா ஒரு பீரியட் வரட்டும், அதுவும் வந்ததுதான். விட விட பயம் கூடும் சார். இன்னைக்கு வாசப்படி தாண்ட பயந்தா, அடுத்த வாரம் கட்டில விட்டு எறங்கப் பயப்படும்.”

“எதுக்குப் பயப்படுறா?”

“நான் ரெண்டு பசங்களக் கூப்புட்டுக் கண்டிச்சிருக்கேன். எதுக்குன்னு அவளே உங்ககிட்ட சொல்லணும். நீங்க பேசாம, அவளப் பேச விடுங்க.”

கிளம்பும்போது படியில் நின்று கேட்டார்: “அந்த முக்குல இருக்கிற பேனர்... விசேஷந்தான் முடிஞ்சிருச்சே சார்?”

“இருக்கட்டும் டீச்சர். நல்ல ஃபிளெக்ஸ். காத்துல கிழியிறவரைக்கும் நிக்கும்.”

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். டீச்சர் கண்ணிலும் பட்டிருக்கிறது. ஊரில் பார்க்காதவர்கள் யாருமில்லை போல.

ஜூலை 19, வெள்ளி

டீச்சர் சொன்னபடியே செய்தோம். தமயந்தி கடைக்கு லீவு போட்டாள். பிள்ளை குளித்தாள், யூனிஃபார்ம் போட்டாள், இரட்டைச் சடை பின்னிக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டியவள், அப்படியே உட்கார்ந்து தின்ற இட்லியை எல்லாம் வாந்தி எடுத்துவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “என்னதான்டி வேணும் ஒனக்கு? எதுல கொற வச்சேன்?” என்று கத்திவிட்டேன். தெருவே எட்டிப் பார்த்தது. தமயந்தி அவள் வாயைத் துடைத்துவிட்டாள், யூனிஃபார்மை மாற்றினாள், பாடப்புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். டிவி ஓடவில்லை. மத்தியானம் ரசமும் அப்பளமும்.

திட்டாதீர்கள் என்று நேற்றுத்தானே சொன்னார்கள். மறுநாளே வாயை விட்டுவிட்டேன். என் மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது.

ஜூலை 22, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானத்திலிருந்து ஆடிக்காற்று. பேனரின் ஒரு மூலை அவிழ்ந்து படபடவென்று அடிக்கிறது என்று ஒருவர் கடையில் வந்து சொன்னார். நல்ல பேனர் வீணாகப் போகிறதே என்று கயிறும் ஏணியும் எடுத்துக்கொண்டு போனேன். சவுக்குக் கம்பில் ஏணியைச் சாய்த்து ஏறி, மூலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டது. பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள்.

மித்ராவின் வகுப்புப் பையன்கள் சிலர் கீழே நின்றார்கள். நான் பேனருக்குப் பின்பக்கம் நின்றதால் முதலில் என்னைக் கவனிக்கவில்லை. அந்தப் பக்கமாகப் பவதாரணி தனியாக வந்தாள்.

“ஏ பவா! அடுத்து ஒன் பேனரு எப்போ?”

“இன்னும் சேதி வரலையாம்டா!”

ஒரே சிரிப்பு. அதில் ஒருவன் ஏணியையும் என்னையும் பார்த்துவிட்டான். “டேய், மித்ரா அப்பாடா!” என்றான். இன்னொருவன், “அப்ப இப்பயே ஆர்டர் குடுத்துருவோம்!” என்றான். எல்லோரும் ஓடினார்கள்.

பவதாரணி அண்ணாந்து என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் தட்டு போட்டுச் சாப்பிட்ட பிள்ளை. கண் நிறையத் தண்ணீர். ஸ்கூல் பையைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு வேகமாக நடந்து போனாள். அவள் முகத்துக்கு நேர் மேலே, நான் சாப்பிடாமல் உட்கார்ந்து சரிபண்ணின அவள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பையன்களை அதட்டக்கூட நாக்கு எழவில்லை. அவர்கள் பேசியதற்கு எடுத்துக் கொடுத்தவன் நான்தானே! பேனரை அறுத்துக் கீழே இறக்கினேன். பழைய ஃபிளெக்ஸ் என்றால் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை போட வேண்டும் என்று யாராவது வந்து நிற்பார்கள். இன்றைக்கும் ஒருவர் கேட்டார். கொடுக்கவில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளைகள் முகம் எவன் வீட்டுக் கூரையிலோ வெயில் காய வேண்டுமா? கடையில் கொண்டுவந்து போட்டு, ஒவ்வொரு முகமாகத் துண்டு துண்டாக வெட்டினேன். மித்ரா முகத்தை வெட்டும்போது ரொம்ப நேரம் ஆயிற்று.

வீட்டுக்குப் போனதும் நேரே மித்ராவிடம் போனேன்.

“தாயி, பேனர எடுத்துட்டேன். இனிமே நீ தைரியமாப் போகலாம்.”

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் அழ ஆரம்பித்தாள். நான் வாயைத் திறந்தேன். தமயந்தி என் கையைப் பிடித்து அழுத்தினாள். பேசாமல் உட்கார்ந்தேன். அழுதபடியே அவளே பேசினாள்.

“என் படத்த மட்டும் போட்டிருந்தா எப்படியாச்சும் போயிருப்பேன்ப்பா. அவளுகள எதுக்குப்பா போட்டீங்க?”

போர்வை நுனியை முறுக்கிக்கொண்டே மேலும் சொன்னாள்.

“பவா இன்னும் வயசுக்கே வரலப்பா. பசங்க தெனமும் அதையே கேக்குறாங்க. அவ என்கூடப் பேசமாட்டேங்குறா. வேற பெஞ்சுக்குப் போயிட்டா. மத்தவளுகளும் போயிட்டாளுக. நான் கிளாஸுக்குள்ள போனாலே எல்லாரும் திரும்பிக்கிறாங்க. என்னாலதான அவளுக அழுகுறாளுக? நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?”

“ஏன் கண்ணு, மொதல்லயே அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே?”

“நீங்க அவ்வளவு சந்தோஷமாக் காட்டுனீங்களேப்பா.”

அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்துபோய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றேன்.

ஜூலை 23, செவ்வாய்

மரியபுஷ்பம் டீச்சருக்குப் போன் செய்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். “இப்பத்தான் சார் வேலையே ஆரம்பிக்குது” என்றார். பையன்களை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான்கு வீட்டுக்கும் நானே போக வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் சொல்லி நான் போகவில்லை, இதை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சமாவது எனக்குப் பெருமை வேண்டாமா?

ஜூலை 24, புதன்

தமயந்தியும் நானும் போனோம். மூன்று வீட்டில் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வீட்டில் காபிகூடக் கொடுத்தார்கள். கடைசியாகப் பவதாரணி வீடு. அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர், ஊரில் இல்லை. அம்மா கலாவதி எங்களை உட்காரச் சொல்லவில்லை.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லண்ணே. எங்க சொந்தக்காரங்க பேனரப் பாத்துட்டு, எங்களுக்குச் சொல்லாமக் கொள்ளாம சடங்கு வச்சிட்டியான்னு என்னையக் கேக்குறாங்க. பிள்ளை இப்ப கடைக்குப் போகச் சொன்னாக்கூடப் போகமாட்டேங்குது.”

“தப்புத்தாம்மா. மன்னிச்சிருங்க.”

“உங்க பிள்ளைய நீங்க தூக்கி வச்சுக் கொண்டாடுங்க. வேணாங்கல. எம்பிள்ளைய எதுக்குண்ணே இழுத்தீங்க?”

தமயந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கால் மாற்றி நிற்கத்தான் தெரிந்தது. அறை வாசலில் பவதாரணி வந்து நின்றாள். அவளிடமும் சொன்னேன்.

“பவா, அங்கிள் தப்புப் பண்ணிட்டேம்மா. மித்ராவுக்கு இது தெரியவே தெரியாது. அவகிட்டச் சொல்லாம நானாப் போட்டது.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அவதான போட்டோ குடுத்தா?”

“இல்லம்மா. ஸ்கூல் குரூப்புல வந்த போட்டோவ நானா வெட்டுனேன். கார்ல போறப்பத்தான் அவளே மொத மொதல்ல பாத்தா.”

பவதாரணி அம்மாவைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். கலாவதியும், “சரிண்ணே” என்றதோடு சரி. வெறுங்கையோடு திரும்பிய மாதிரிதான் இருந்தது. மித்ராவிடம் போய்வந்ததை மட்டும் சொன்னேன்.

ஜூலை 25, வியாழன்

ஒரு பீரியட். மத்தியானம், மரியபுஷ்பம் டீச்சரின் சயின்ஸ் பீரியட். வண்டியில் வரவில்லை, நடந்தே போகலாம் என்றாள். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முக்கில் வெறும் சவுக்குக் கம்பு மட்டும் நின்றது. கேட்டில் அவளுடைய விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. டீச்சர் வெளியே வந்து, ஏன் வரவில்லை, எதற்கு வரவில்லை என்று எதையும் கேட்காமல், “வா மித்ரா, சார்ட்டு மாட்டணும், ஆணி எடுத்துக் குடு” என்று வெகு சாதாரணமாகக் கூட்டிப்போய்விட்டார். நான் வாட்ச்மேன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை வாந்தி எடுக்கவில்லை. போதும் சாமி.

ஜூலை 26, வெள்ளி

மத்தியானம் முழுக்க இருந்தாள். யாரும் பேசவில்லையாம். “பேசலன்னாலும் பரவால்லப்பா, சிரிக்கல” என்றாள்.

ஜூலை 29, திங்கள்

மறுபடி வயிற்றுவலி. இரண்டு நாள் லீவு வந்தால் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. எனக்குப் புரோட்டாக் கடைப் பக்கம் கால் இழுத்தது, அடக்கிக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு உள்ளதைச் சொன்னேன். தமயந்தி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். “வலியோட போவோம் பாப்பா, அங்க போயும் வலிச்சா நான் வந்து கூட்டியாறேன்” என்றாள். எவ்வளவு நிதானமாகச் சொன்னாள்! பதினொரு மணி வாக்கில் மித்ரா தானாக எழுந்து சாக்ஸைத் தேடினாள். நாங்கள் இரண்டு பேரும் மூச்சுக் காட்டவில்லை.

கல்மனசு என்று இரண்டு வாரத்துக்கு முன்னால் எழுதியவன் கையை என்ன செய்யலாம்?

ஆகஸ்ட் 2, வெள்ளி

நேற்றும் இன்றைக்கும் முழு நாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஒரு ஆள் கடைக்கு வந்தார். மகளுக்குச் சடங்கு, அந்த முக்கில் நின்றதே, அதே மாதிரி தோழிகள் படத்தோடு வேண்டும் என்றார். “அந்தப் பிள்ளைககிட்டக் கேட்டீங்களா? மொதல்ல உங்க பிள்ளைகிட்டக் கேட்டீங்களா?” என்றேன். பேனர் அடிக்கிறவன் இதை எல்லாம் கேட்பானா என்கிற மாதிரி பார்த்தார். அவர் போனபிறகு ஒரு ஆர்டர் கைவிட்டுப் போயிற்றே என்று அடித்துக்கொண்டது. அடித்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நான் இனிமேல் கூட வர வேண்டாமாம். “நீங்க கையப் புடிச்சுக்கிட்டு வந்தா எல்லாரும் பாக்குறாங்கப்பா” என்று மித்ரா சொல்லிவிட்டாள். சரி என்று தெருமுனையில் நின்றுகொண்டேன். அவள் ரோட்டைத் தாண்டுகிறவரை தலையை நீட்டிப் பார்த்ததில் ஒரு சைக்கிள்காரர் திட்டிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஒரு பையன் திரும்பவும் ஏதோ சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் மித்ராவே சொன்னாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, கிளம்பிவிட்டேன். “உக்காருங்கப்பா. டீச்சர்கிட்ட நானே சொல்லிட்டேன்” என்றாள். உட்கார்ந்தேன். நாளைக்குப் போவாளா என்று மனசு அடித்துக்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

போனாள்.

ஆகஸ்ட் 17, சனி

இந்த வாரம் டிபன் பாக்ஸில் இட்லி கூட வைக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பொடியும் தாராளமாக வேண்டுமாம், காரம் கம்மியாக. இவளுக்கு எப்போதும் காரம்தான் பிடிக்கும். வளர்கிற பிள்ளை, ருசி மாறும். பள்ளிக்கூடம் போனாலே பசிக்கத்தான் செய்யும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலையில் தமயந்தி சத்தம் போட்டுக் கூப்பிட்டாள். ஓடினேன். மித்ரா யூனிஃபார்ம் போட்டு, ஒரு சடை பின்னி, இன்னொரு சடையைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தாள். முகம் சிவந்து கிடந்தது. நெற்றியைத் தொட்டேன், அடுப்பைத் தொட்ட மாதிரி சுட்டது. தமயந்தி தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தாள். நல்ல காய்ச்சல், நூற்றி இரண்டு.

“சடைய அவுத்துட்டுப் படுடி” என்றாள்.

“இல்லம்மா, நான் போறேன்.”

“ஒடம்பு கொதிக்குது பாப்பா, இன்னைக்கு லீவு” என்றேன் நான்.

அவ்வளவுதான். என்ன அழுகை, என்ன ஆர்ப்பாட்டம்! கட்டிலை விட்டு இறங்கினாள், தள்ளாடினாள், நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். “விடுங்கம்மா! சயின்ஸ் சார்ட்டு இன்னைக்குக் குடுக்கணும். பாதி என்கிட்ட இருக்கு, பாதி பவாகிட்ட இருக்கு. பவா எடம் போட்டு வச்சிருப்பா!”

“பவாவா? எந்தப் பவா?”

“எத்தன பவாப்பா இருக்கா!” என்று அந்த அழுகையிலும் என் மேல் எரிந்து விழுந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. “பிள்ளை கொதிச்சுப்போய்க் கெடக்கு, நீங்க பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க” என்று தமயந்தி திட்டினாள். திட்டியவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சார்ட்டை நான் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சத்தியம் செய்துகொடுத்த பிறகுதான் படுத்தாள். சுருட்டி, மடங்காமல் கையில் பிடித்துக்கொண்டு போனேன். மரியபுஷ்பம் டீச்சரிடம் காய்ச்சல் என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார். பவதாரணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அவள் வராந்தாவில் வந்து நின்றாள். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினாள். பிறகு கிட்டே வந்து சார்ட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். விரித்துப் பார்த்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டினாள். போகத் திரும்பியவள் நின்று கேட்டாள்.

“நாளைக்கு வந்துருவாளா அங்கிள்?”

“காய்ச்சல் விட்டதும் வந்துருவாம்மா.”

“நோட்டெல்லாம் நான் எழுதி வைக்கிறேன்னு சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குள் ஓடிவிட்டாள்.

மித்ரா இப்போது கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறாள். எழுந்ததும் முதலில் இதைச் சொல்ல வேண்டும்.